தடிமன் என்று சொன்னேன்

என்ரை ராசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கடிதம் என்றால் சுகம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீ சுகமாக இல்லை என்பதும் தெரியும், அதனால் கேட்கவில்லை. நேற்று நீ போனில் சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "அளவெட்டிக்கு வேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ அம்மா. காரணம் ஒண்டும் சொல்லாதேங்கோ. பொருத்தம் சரியில்லை எண்டு சொல்லுங்கோ, விட்டிடுவினம்" என்றாய். வெள்ளிக்கிழமை பின்னேரம் உனக்குப் பேசியிருக்கிற அந்த அளவெட்டிப் பிள்ளையின் தாயும் மாமனும் எங்கள் மறுமொழியைக் கேட்க நீர்வேலிக்கு வருகிறார்கள். இன்று திங்கள். பக்கத்து வீட்டு வாத்தியார் நாளைக் காலை பஸ்ஸில் கொழும்புக்கு வருகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருந்தால் திருத்தித் தாருங்கோ என்று அவரையே கேட்டிருக்கிறேன். ஆகவே அவரும் வாசிப்பார். உறையை நான் ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்பது கடைசியில் உனக்கு விளங்கும்.

நீ எனக்கு எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லவில்லை. நான் கேட்டுக் கேட்டுத்தான் சொன்னாய். மருதனார்மடச் சந்தியில் உள்ள கூல்பாரில் நீயும் அந்தப் பிள்ளையும் இருந்து கதைத்ததையும், வெளியே யாரோ குப்பை கொளுத்திய புகை உள்ளே வந்ததையும், அந்தப் பிள்ளை கதையை நிறுத்திவிட்டுக் கைப்பையைத் திறந்து மூச்சு முட்டுக்கு அடிக்கிற ஒரு நீலப் பம்பை எடுத்ததையும் சொன்னாய். சனம் நிறைந்த இடம். அவள் ஒருவரையும் பார்க்கவில்லையாம். குலுக்கினாளாம், வாயில் வைத்து அழுத்தினாளாம். "பயப்பிடாதேங்கோ, நான் பத்து எண்ணுமட்டும் என்னோடை கதையாதேங்கோ" என்று முதலே உனக்குச் சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலால் எண்ணினாளாம். பிறகு, "ஐஸ்கிறீம் உருகுது, என்ன பாத்துக்கொண்டிருக்கிறியள்" என்று சிரித்தாளாம். உன்னால் ஒரு வாயும் வைக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் தலையிடி என்று சொல்லிவிட்டு அடுத்த நாளே பஸ் ஏறினாய். போனில்தான் வாய் திறந்தாய். "அக்காவைப் பாத்தமாதிரி இருந்தது. இன்னொரு தரம் என்னால ஏலாது அம்மா. பம்ப் அடிச்சும் கேக்காத வருத்தம் அது. நீங்கள்தானே சொன்னீங்கள்" என்றாய்.

ஓம், நான்தான் சொன்னேன். உன் அக்கா வதனி செத்துப்போன அன்று நீ கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாய். போனில் நீ கத்திக் கேட்ட முதல் கேள்வி அதுதான்: பம்ப் அடிக்கவில்லையா? நான் "அடிச்சும் கேக்கேல்லை, தம்பி" என்றேன். அது பொய். மூச்சு முட்டி விழுந்த நேரம் உன் அக்காவுக்குப் பம்ப் அடிக்கவில்லை. பம்ப் அவள் கையில் இருக்கவில்லை. அதை எடுத்து ஒளித்து வைத்தவள் நான். இந்த நாலு வரியை எழுத எனக்கு இத்தனை வருஷம் சென்றது. இதற்குமேல் நீ வாசிக்காமல் விட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன் நீ வாசிக்க வேண்டும். ஏனென்றால் நீ அந்தப் பிள்ளையை வேண்டாம் என்பது என்னுடைய பொய்யை நம்பித்தான்.

முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குத் தெரியாத காலம் அது, நீ என் வயிற்றில் இருந்தாய். ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு வகுப்பறைக்குள் ஏழெட்டுக் குடும்பம். வெளியே மழை, ஈர விறகு, எல்லா அடுப்பின் புகையும் உள்ளேதான். வதனிக்கு அப்போது இரண்டு வயது. அங்கேதான் முதன்முதல் அவளுடைய நெஞ்சு விசிலடித்தது. நான் பயந்து போய் அவளை நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு யன்னல் ஓரம் நின்றேன். பக்கத்துப் பாயில் இருந்த ஒரு மனிசி பார்த்துவிட்டு, "உது தொய்வெல்லோ? பொம்பிளைப் பிள்ளை, உதை வெளியில சொல்லிப்போடாதை. தடிமன் எண்டு சொல்லு" என்றாள். அந்த மனிசி கெட்டவள் இல்லை. தன்னுடைய பங்கு சுடுதண்ணீரை என் பிள்ளைக்குத் தந்தவள். நான் சுடுதண்ணீரையும் வாங்கினேன், அந்தச் சொல்லையும் வாங்கினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தொய்வு என்ற சொல் இல்லை, ஆஸ்துமா என்ற சொல்லும் இல்லை. மழையில் நனைந்தால் எல்லாருக்கும் மூக்கொழுகி வருகிற தடிமன்தான் வதனிக்கும் வந்தது. மூச்சு முட்டி உதடு நீலம் பாரித்தாலும் தடிமன்தான்.

நீ பிறந்து வளர்ந்து வாய் கொழுத்த பிறகு அவளை ஆர்மோனியப் பெட்டி என்று கூப்பிடுவாய், ஞாபகம் இருக்கிறதா? அவளுக்கு இழுக்கத் தொடங்கினால் நீ பக்கத்தில் குந்தியிருந்து, "ஆர்மோனியப் பெட்டி வாசிக்குது, எல்லாரும் வாங்கோ" என்பாய். அவள் இழுத்து இழுத்து, "நீ பாடன் பாப்பம், தவளை" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பீர்கள். நான் ஓடிவந்து உனக்குத்தான் அடிப்பேன். அக்காவை நோகப்பண்ணுகிறாய் என்று அடித்ததாக நீ நினைத்திருப்பாய். இல்லை. வேலிக்கு அப்பால் கேட்டுவிடும் என்று அடித்தேன். உன் அப்பா இருந்தவரைக்கும் என்னை ஏசுவார். "வருத்தத்துக்கு மருந்தைக் குடு, பேரை மாத்தாதை" என்பார். அவர் போன பிறகு இரண்டு பிள்ளைகளோடும் நாலு பரப்பு வாழைத் தோட்டத்தோடும் நான் தனியே நின்றேன். அவளைக் கரைசேர்க்க வேண்டும் என்ற ஒரு நினைவுதான். அதற்கு அந்தச் சொல் வெளியே போகக் கூடாது.

அவள் பதினான்கு வயதில் தானாகவே பள்ளிக்கூட ரீச்சரோடு கிளினிக்குக்குப் போய் இரண்டு பம்ப் வாங்கிக்கொண்டு வந்தாள். ஒன்று மண்ணிறம், ஒன்று நீலம். மண்ணிறத்தை வருத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையும் மாலையும் அடிக்க வேண்டும், நீலம் மூச்சு முட்டு வரும்போது என்று எனக்குச் சொன்னாள். எனக்கு அது விளங்கவில்லை. வருத்தம் இல்லாத நாளில் ஏன் மருந்து? பழகிப்போனால் பிறகு அது இல்லாமல் இருக்க ஏலாது என்று ஒருத்தி சொன்னாள். பிள்ளைப்பேறுக்குக் கூடாது என்று இன்னொருத்தி சொன்னாள். சம்பந்தம் பேசத் தொடங்கிய வருஷம் நான் மண்ணிறப் பம்பை நிற்பாட்டினேன். ஆடாதோடை இலை அவித்துக் கொடுத்தேன். அவள் இரண்டு நாள் சண்டை பிடித்தாள், மூன்றாம் நாள் விட்டுவிட்டாள். நான் அழுதால் அவள் விட்டுவிடுவாள். அதை நான் தெரிந்துதான் அழுதேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பார்க்க வரும் நாள். அவர்களுக்கு எங்கள் தோட்டத்துக் கப்பல் வாழைப்பழம் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு மூன்று நாள் முன்னே வளவுக்குள் கிடங்கு வெட்டி, குலைகளை அடுக்கி, சருகு போட்டு, மண்ணால் மூடி, பானையில் தேங்காய்ப் பொச்சுமட்டையைக் கொளுத்தி, துளை வழியாக வாயால் புகையை ஊதி உள்ளே அனுப்பினேன். உனக்குத் தெரிந்த வேலைதான். இரண்டு நாளும் காலையும் பின்னேரமும் ஊதினேன். காற்று வீட்டுப் பக்கமாகத்தான் அடித்தது. வதனி உள்ளே இருந்து, "அம்மா, உங்கடை பழம் பழுக்க முதல் நான் பழுத்திடுவன் போல கிடக்கு" என்று பகிடி விட்டாள். நானும் சிரித்தேன். அன்று காலை கிடங்கைத் திறந்தேன். உள்ளே அடைபட்டிருந்த பழைய புகை ஒரேயடியாக வெளியே வந்தது. நான் தனியே குலை தூக்கிக் கஷ்டப்படுகிறேன் என்று அவள் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தாள். நான் போ என்று சொல்லவில்லை. பழம் நல்ல மஞ்சளாக வந்திருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு அவளுக்கு விசில் தொடங்கிவிட்டது. நீலப் பம்பை இரண்டு தரம் அடித்தாள், கொஞ்சம் இறங்கியது. பிறகு பம்பைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்து நின்றாள். நான் கண்டேன். ஆக்கள் முன்னால் குனிந்து தேத்தண்ணீர் கொடுக்கும்போது அது விழுந்தால் என்ன செய்வது? "ஒரு மணித்தியாலம் பொறு பிள்ளை. அவை போனாப் பிறகு நாள் முழுக்க அடி" என்று சொல்லி, முடிச்சை நானே அவிழ்த்து எடுத்தேன். அவள் கையை நீட்டினாள். "அம்மா, அது கிட்ட இருந்தாலே எனக்குக் காணும். அடிக்க மாட்டன்" என்றாள். நான் கொடுக்கவில்லை. கேற்றில் மாப்பிள்ளை வீட்டாரின் வான் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அடுக்களைக்குள் ஓடிப்போய் மாப்பேணியைத் திறந்து, மாவுக்குள் புதைத்துவிட்டு மூடியை இறுக்கினேன். வந்தவர்கள் நல்ல மனிசர். பழத்தைச் சாப்பிட்டுவிட்டு நல்ல இனிப்பு என்றார்கள். சாமியறையில் நான் போட்ட சாம்பிராணி வீடு முழுக்க நின்றது.

தேத்தண்ணீர்த் தட்டை வைத்துவிட்டு அவள் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கியது. மாப்பிள்ளையின் பெரியதாய் கேட்டா, "என்ன பிள்ளைக்கு ஒரு மாதிரி இருக்கு?" நான், "ரெண்டு நாளாத் தடிமன், வேறை ஒண்டும் இல்லை" என்றேன். பிறகு அவள் நிலத்தில் சரிந்து இருந்துவிட்டாள். அவர்கள்தான் ஓட்டோ பிடித்தார்கள். அந்த நேரம் மாப்பேணிக்கு ஓடினேனா என்று நீ கேட்பாய். ஓடவில்லை. பெரியதாய் அடுக்களை வாசலில் நின்றா. ஓட்டோவுக்குள்ளும் அவ எங்களோடு ஏறினா. போகும் வழி முழுக்க வதனியின் நெஞ்சில் அந்த விசில். பாதி வழியில் அந்தச் சத்தம் நின்றது. தம்பி, நான் அப்போது கடவுளுக்கு நன்றி சொன்னேன். பெரியதாயின் பக்கம் திரும்பி, "பாருங்கோ, விட்டிட்டுது" என்றேன். வதனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசுபத்திரியில் ஒரு சின்ன வயது டொக்டர் ஓடிவந்தார். முதல் கேள்வியே, "அம்மா, இவவுக்குத் தொய்வு இருக்கோ?" பெரியதாய் எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றா. நான், "இல்லை. தடிமன்தான்" என்றேன். "பம்ப் பாவிக்கிறவவோ?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். வதனியால் கதைக்க முடியவில்லை. கையைத் தூக்கி, வாய்க்குப் பக்கத்தில் வைத்து, பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து அழுத்திக் காட்டினாள். பம்ப் அடிக்கிற மாதிரி. நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். ஆறுதல் சொல்கிற மாதிரி அதைத் தடவினேன். டொக்டர் என்னை நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். என்னைத் தள்ளிவிட்டுத் தானாகவே கண்டுபிடித்து, ஒக்சிசன் வைத்து, ஊசி போட்டு, எல்லாம் செய்தார்கள். அவர்கள் ஒரு குறையும் விடவில்லை. ஆனால் நான் பொய் சொல்லிய நேரம் போய்விட்டது. அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் பிள்ளையின் கை என் கைக்குள் இருந்த அளவு நேரம்.

அவள் செத்த பிறகும் நான் பொய்யை நிற்பாட்டவில்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குப் பெரியதாயும் வந்திருந்தா. என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "உங்கடை பிள்ளைக்குத் தொய்வோ?" என்று மெதுவாகக் கேட்டா. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவவே சொன்னா, "என்ரை மூத்தவளுக்கும் இருக்கு. நாங்களும் வெளியில சொல்லுறேல்லை." முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அச்சடித்தபோது, எங்கள் வாத்தியார்தான் அவளுடைய வாழ்க்கை வரலாறு எழுதினார். எப்படிக் காலமானா என்று போடுவது என்று கேட்டார். நெஞ்சுவலி என்று போடச் சொன்னேன். நீயும் அந்த மலரைக் கையில் வைத்திருந்தாய். உனக்கு அப்போது ஒன்றும் வாசிக்கிற நிலை இல்லை. ஊரில் வீட்டுக்கு வீடு அந்தப் புத்தகம் இன்றைக்கும் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அட்டையில் என் பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கிறாள், உள்ளே பொய் இருக்கிறது.

ஆட்கள் எல்லாரும் போய், நீயும் திரும்பப் போன பிறகு, ஒருநாள் காலை பிட்டு அவிக்க மா எடுத்தேன். கை அதில் பட்டது. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே, மறக்கவில்லை. அந்தப் பேணியைத் திறக்காமல் ஒரு மாதம் பிட்டும் இடியப்பமும் இல்லாமல் இருந்தேன். அன்று திறந்தேன். மாவைத் துடைத்துவிட்டுக் காதடியில் வைத்துக் குலுக்கினேன். உள்ளே மருந்து கிடந்தது. ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். சின்னச் சத்தம், பனிப்புகார் மாதிரிக் கொஞ்சம் வெள்ளையாக வந்தது. அடுக்களைக்குள் பரவி இல்லாமல் போய்விட்டது.

வருஷம் திரும்பி ஆட்டைத் திவசம் முடிந்த பிறகுதான் நான் நெஞ்சுக் கிளினிக்குக்குப் போனேன். நம்பர் எடுத்து வரிசையில் இருந்தேன். உள்ளே இருந்தது உன் இப்போதைய வயதில் ஒரு டொக்டர்ப் பிள்ளை. நோயாளி யார் என்று கேட்டா. "நோயாளி இல்லை பிள்ளை. செத்துப் போனா. அவவுக்கு என்ன நடந்தது எண்டு எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ" என்றேன். வெளியே சனம் நிற்கிறது, எழும்பச் சொல்லுவா என்று நினைத்தேன். அவ பேனையை மூடி வைத்துவிட்டு, கடைசியாக வரச் சொல்லி, எனக்கென்று இருந்தா. ஒரு கடதாசியில் கீறிக் காட்டினா. அந்தக் கடதாசி இன்னும் என்னிடம் இருக்கிறது.

நான் நுரையீரல் என்றால் இரண்டு பலூன் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். தலைகீழாக நட்ட முருங்கை மரம் மாதிரியாம். தொண்டையில் இருந்து ஒரு தடித்த குழாய் இறங்கி, இரண்டாகப் பிரிந்து, கொப்பு, சிறு கொப்பு, ஈர்க்கு என்று பிரிந்து பிரிந்து போய், நுனியில் இலைக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் காற்றுப் பைகள். கண்ணுக்குத் தெரியாத அளவு. அந்தப் பையின் தோல் வெங்காயச் சருகை விட எத்தனையோ மடங்கு மெல்லிசு. இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் இரத்தம். காற்றில் உள்ள நல்லது இரத்தத்துக்குப் போகும், இரத்தத்தில் உள்ள கழிவு காற்றுக்கு வரும். இரண்டு நுரையீரலின் பைகளையும் பிரித்து நிலத்தில் விரித்தால் ஒரு பரப்புக் காணியில் காற்பங்கு வருமாம். நான் அந்த இடத்தில் எத்தனை வாழை நடலாம் என்று எண்ணிப் பார்த்தேன். அவ்வளவு நிலமும் என் பிள்ளையின் விலாவுக்குள் மடிந்து கிடந்திருக்கிறது. அதற்குத்தான் நான் புகை போட்டேன்.

அவ இன்னொன்றும் சொன்னா. இதயத்தை நீ நில் என்றால் நிற்காது, வயிற்றை வேலை செய்யாதே என்றால் கேளாது. மூச்சு மட்டும் நாங்கள் நினைக்காவிட்டாலும் தன்பாட்டில் ஓடும், நினைத்தால் கொஞ்ச நேரம் எங்கள் சொல்லும் கேட்குமாம். அதனால்தான் பாடலாம், கதைக்கலாம், ஊதலாம். அதனால்தான் ஆக்களுக்கு முன்னால் அடக்கிக்கொண்டும் நிற்கலாம். வதனி அன்று தட்டோடு நின்றது எப்படி என்று எனக்கு அப்போது விளங்கியது. தொய்வுக்காரருக்கு அந்தச் சின்னக் குழாய்களின் உள்தோல் எப்போதும் கொஞ்சம் வீங்கியே இருக்குமாம். வருத்தம் தெரியாத நாளிலும். அந்த வீக்கத்தை வற்ற வைக்கிறதுதான் நான் நிற்பாட்டிய மண்ணிறப் பம்ப். புகை பட்டால் குழாயைச் சுற்றி இருக்கிற தசை இறுக்கிப் பிடிக்கும். அதை இளக்குகிறதுதான் நான் ஒளித்த நீலப் பம்ப்.

நான் கேட்டேன், காற்று உள்ளே போகாமல்தானே என் பிள்ளை செத்தது என்று. அவ சொன்னா: "உள்ள போகாதது மட்டும் இல்லை அம்மா. போனது வெளியில வரேல்லை. இழுக்கிற மூச்சை விடவிடாமல் குழாய் பூட்டிக்கொள்ளும். பழைய காத்து நிரம்பி நிண்டால் புதுக் காத்துக்கு எங்கை இடம்?" பிறகு நான் ஓட்டோவுக்குள் சத்தம் நின்றதைச் சொன்னேன். நின்றது நல்லதுக்குத்தானே என்று கேட்டேன். அந்த டொக்டர்ப் பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. "விசில் கேக்கிறதுக்கும் கொஞ்சம் காத்து ஓட வேணும் அம்மா" என்றா. அவ்வளவுதான் சொன்னா. நான் கடவுளுக்கு நன்றி சொன்ன இடம் அதுதான்.

கடைசியாகக் கேட்க வேண்டியதைக் கேட்டேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா? அவ எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, அதற்காக அவவை நான் கும்பிடுகிறேன். "ஆசுபத்திரியில நிண்ட அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஏலாது. ஆனால் மண்ணிறத்தை ஒழுங்கா எடுத்து, நீலம் கையில இருந்திருந்தால், பெரும்பாலும் அவ அண்டைக்கு ஆசுபத்திரிக்கு வர வேண்டியே இருந்திருக்காது" என்றா. இது கெட்ட நேரம் இருந்தால் ஆளைக் கொல்லக்கூடிய வருத்தம்தான், விளையாட்டு இல்லை என்றும் சொன்னா. ஆனால் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் பிள்ளை பெற்று, பேரப்பிள்ளை கண்டு, வயதாகிச் சாகிறார்கள் என்றா. நான் வெளியே வந்து வாசலில் நின்ற வேப்பமரத்தடியில் இருந்தேன். மூச்சு எனக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தது. முப்பது வருஷம் பொச்சுமட்டைப் புகையை வாயால் ஊதியவளுக்கு ஒன்றும் இல்லை. சில நேரம் கதிரையில் இருந்துகொண்டு என் மூச்சை நானே கேட்பேன். யாருக்காக இது ஓடுகிறது என்று கேட்பேன். இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கிறதுக்காக இருக்கலாம்.

இப்போது உன்னுடைய விஷயத்துக்கு வருகிறேன், தம்பி. கூல்பாரில் நீ கண்டது உன் அக்காவை இல்லை. உன் அக்காவுக்கு அப்படி இருக்க நான் விடவில்லை. நாலு சனத்துக்கு முன்னால் பம்பை எடுத்து, நான் பத்து எண்ணுமட்டும் கதையாதே என்று சொல்லுகிற பிள்ளையை வளர்த்த தாய் அளவெட்டியில் இருக்கிறா. அந்தத் தாயிடம்தான் பொருத்தம் சரியில்லை என்று பொய் சொல்லச் சொல்லி நீ என்னைக் கேட்கிறாய். நீயும் தடிமன் என்றுதான் சொல்லச் சொல்கிறாய், வேறு சொல்லில். அந்தச் சொல்லைக் கேட்டால் அந்தப் பிள்ளைக்கு உண்மை விளங்கும். உன் முகத்தை அவள் அந்த மேசையில் பார்த்தவள்தானே. அடுத்ததாக வேறொருத்தன் வரும்போது அவள் பம்பை மேசைக்குக் கீழே ஒளிப்பாள். அதற்கு அடுத்த முறை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவாள். நான் அதன் முடிவு வரைக்கும் போய்ப் பார்த்தவள்.

அவளைக் கட்டு என்று நான் சொல்லவில்லை. எனக்கு அதைச் சொல்ல வாய் இல்லை. உனக்குப் பயம் இருக்கும், அந்தப் பயம் நியாயம். பிடிக்காவிட்டாலும் நியாயம். ஆனால் உன் பயத்துக்கு நான் தந்த காரணம் பொய். இனி நீ பயப்படுவதானால் உண்மையைத் தெரிந்துகொண்டு பயப்படு. வெள்ளிக்கிழமை அவர்கள் வரும்போது பொருத்தம் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். என் மகளுக்குத் தொய்வு இருந்தது, நான் மறைத்தேன், அதில் செத்தாள் என்று சொல்லுவேன். அதைக் கேட்ட பிறகு அவர்களே இந்த வீடு வேண்டாம் என்று போனாலும் போகலாம். இந்த வருஷத் திவசத்துக்கு வதனியின் கதையை, நான் இதில் எழுதினபடி, வாத்தியார் புது மலராக அச்சடித்துத் தருகிறேன் என்றார். உன்னுடைய விஷயமும் அந்தப் பிள்ளையின் விஷயமும் அதில் வராது. முதல் மலர் எந்தெந்த வீட்டுக்குப் போனதோ அந்தந்த வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அதனால்தான் உறையை ஒட்டவில்லை. ஒட்டி ஒட்டி வைத்ததெல்லாம் போதும்.

வெள்ளிக்கிழமைக்குக் கிடங்கு வெட்டவில்லை. பழம் சந்தையில் வாங்குவேன். சாம்பிராணி இல்லை, விளக்கு மட்டும். உன் அக்காவின் பம்பைக் கழுவித் துடைத்து அவளுடைய படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன், வருகிற ஆக்கள் காணுகிற இடத்தில்.

இதை வாசித்த பிறகு நீ எனக்குப் போன் எடுக்காமல் விடலாம். நீ அன்று கத்திக் கேட்ட கேள்விக்கு நான் இன்றுதான் மறுமொழி சொல்லியிருக்கிறேன். என்னோடு எவ்வளவு காலம் கோபமாக இருக்க வேண்டுமோ இரு, அதற்கு உனக்கு நியாயம் இருக்கிறது. ஒன்றை மட்டும் செய். வெள்ளிக்கு முன்னால் அந்தப் பிள்ளைக்குப் போன் எடு. ஓம் என்றாலும் இல்லை என்றாலும் நீயே உன் வாயால் சொல்லு. பயம் என்றால் பயம் என்று சொல்லு. என்னோடு கதைக்காவிட்டாலும் பரவாயில்லை, மோனை. அவளோடு கதை.

அம்மா